சித்தி பேசிய டேப்

செய்த காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினோரு வயதில், என் தங்கைக்காகச் சித்தி பேசிப் பதிந்துவைத்த ஒரு படக்கதையை வேண்டுமென்றே அழித்தேன். பழியை இயந்திரத்தின் மேல் போட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனுக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பாவுக்குச் சுக்கு மண்டியில் வேலை. ஐந்து வயதுத் தங்கை படகுத்துறைப் படியில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, இடுப்புவரை மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தாள். துள்ளினால் எலும்பு கோணலாகக் கூடிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அவளை அசையாமல் வைத்திருந்தவை ஒரு படப்புத்தகமும் சித்தியும்தான்.

காயலைப் படகில் கடந்து சந்தைக்குப் போகும் யானையின் கதை அது. பக்கத்துக்கு இரண்டு வரி, மீதியெல்லாம் படம். எங்களோடு இருந்த சித்தி, அம்மாவின் தங்கை, மலையாளப் பள்ளியில் படித்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஆகையால் படத்தைப் பார்த்துத் தன் போக்கில் சொல்லுவாள். தங்கை நாளுக்குப் பத்து முறை கேட்பாள்.

அந்தச் சித்திக்குத் திருநெல்வேலியில் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவள் போனபின் இந்தக் குழந்தையை யார் அடக்குவது என்று அம்மா கலங்கினாள். கப்பலில் வேலை பார்த்த மாமா கல்யாணத்துக்கு வந்தபோது ஒரு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கதையை அதில் பதிந்து வைத்துவிடலாம் என்றார். டேப் ஒன்றுதான் இருந்தது. யார் பேசுவது?

எனக்குச் சந்தேகமே இல்லை. பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவன் நான். முதல் இரண்டு பக்கங்களை நானும் சித்தியும் ஆளுக்கொரு முறை பேசினோம். மாமா இரண்டையும் போட்டுக் காட்டினார். என் குரல் கணீரென்று வந்தது. அப்பா தலையாட்டினார். அடுத்துச் சித்தியின் குரல்: "தா பாரு, ஆனை வள்ளத்துல கேறுது... வள்ளக்காரன் மூஞ்சியப் பாரு..." பிறகு டேப் ஓடும் வெறும் இரைச்சல். வெகுநேரம் கழித்து, "பாத்தாச்சா? இனி மறிக்கு" என்று பக்கத்தைப் புரட்டச் சொன்னாள்.

மாமா தங்கையிடம் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. "சித்தி மதி." சித்தி போதுமாம்.

"அப்ப நான்?"

"அண்ணா வழக்குப் போடற மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். "போட்டே, வக்கீல் சாரே, விட்டுத்தள்ளு," என்று மாமா என் முதுகில் தட்டினார். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

முழுக் கதையையும் சித்தி பேசினாள். இயந்திரத்தை இயக்க மாமா எனக்கு மட்டும் கற்றுக்கொடுத்தார். கல்யாணம் முடிந்து சித்தி ரயில் ஏறினாள், மாமா கப்பலுக்குத் திரும்பினார். மறுநாள் மத்தியானம் அம்மா கடைக்குப் போயிருந்தாள், தங்கை உறங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் டேப்பைப் போட்டுக் கேட்டேன். புத்தகத்தில் இல்லாத சொற்கள், பாதி மலையாளம், பக்கத்துக்குப் பக்கம் நீண்ட மௌனம். எத்தனை பிழைகள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருத்துகிறேன் என்றும் சொல்லிக்கொண்டேன். பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அன்று எனக்கு மனம் வரவில்லை. சித்தியின் குரல் மேலேயே என் குரலைப் பதிந்தேன். ஒரு பிழையில்லை. ஆறு நிமிடத்தில் கதை முடிந்தது.

மாலையில் தங்கை புத்தகத்தை நெஞ்சின் மேல் விரித்துக்கொண்டு கேட்டாள். யானை சந்தைக்குப் போய் வீடும் திரும்பிவிட்டது. அவள் விரல் இன்னும் முதல் பக்கத்துப் படகுக்காரன் மேலேயே இருந்தது.

"சித்தி எங்கே?"

"சித்தி பேசினது பதியல. மெஷின் சரியில்ல. அதான் நான் பேசி வச்சேன்," என்றேன்.

அவள் அழுத அழுகையும், கட்டோடு இடுப்பைத் தூக்கி அடித்ததும் இன்றும் கண்ணில் நிற்கின்றன. அம்மா அவள் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். இரண்டு நாள் அப்படியே போயிற்று. கால் கோணிவிடுமோ என்று பயந்தேன், ஆனால் உண்மையைச் சொல்லும் பயம் அதைவிடப் பெரியதாக இருந்தது. சித்தி பேசியது பதியவில்லை, குழந்தை அழுகிறாள் என்று மட்டும் அம்மா திருநெல்வேலிக்கு ஒரு கார்டு எழுதி, என்னிடமே கொடுத்துத் தபாலில் போடச் சொன்னாள்.

பதில் என் பெயருக்கு வந்தது, மலையாளத்தில். தனக்கு அந்தக் குழாயில் பேசத் தெரியவில்லை, தப்பு தன்னுடையதுதான் என்று சித்தி எழுதியிருந்தாள். நீயே பேசு, உன் குரல் நல்ல குரல் என்றிருந்தாள். பிறகு இப்படி: "அவசரப்படாதே. ஒவ்வொரு பக்கத்திலும் நீயும் படத்தை முழுக்கப் பார். பார்த்து முடித்தபின் அடுத்த பக்கத்துக்குப் போ. அவள் அதுவரை பார்த்துக்கொண்டிருப்பாள்."

அப்படியே செய்தேன். அப்போதுதான் படகுக்காரனின் மூஞ்சியை முதன்முதலாகப் பார்த்தேன். யானையின் கனத்தில் படகு தாழ்வதைக் கண்டு அவன் வாயைப் பிளந்து நின்றான். எனக்கே சிரிப்பு வந்தது, அதுவும் டேப்பில் பதிந்தது. தங்கை அந்த இடத்தில் தானும் சிரித்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பினாள். கட்டுப் பிரிக்கும்வரை அந்த டேப்தான் அவளைக் கிடத்தி வைத்தது. கால் நேராகவே கூடியது.

சித்தி இன்று இல்லை. அவளிடம் நான் ஒப்புக்கொண்டதும் இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்காததற்கும், படம் பார்க்கக் கற்றுக்கொடுத்ததற்கும் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

அம்மாவின் கார்டில் என் குரலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நான் பேசினேன் என்றோ, வேகமாகப் பேசினேன் என்றோ யாரும் சித்திக்கு எழுதவில்லை. அப்படியிருந்தும் அவள் எனக்கு அவசரப்படாதே என்று எழுதினாள். நான் செய்தது அவளுக்குத் தெரிந்திருந்தது என்பது பதினோரு வயதில் எனக்கு உறைக்கவில்லை. பாவம், நான் சொன்னதைச் சித்தியும் நம்பிவிட்டாள் என்று நினைத்து, அந்தக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு விளையாடப் போனேன்.