ஏழு கைகள்

சுக்குத் தூசியில் வெளுத்துப்போன எட்டுக் கைகள். கொச்சி மட்டாஞ்சேரிக் கிடங்கொன்றில் சுக்கு பொறுக்கிய நாங்கள் எட்டுப் பெண்களும் எதை முடிவெடுப்பதானாலும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை தூக்குவோம். ஐம்பதுகளின் கடைசி அது. ஊரெல்லாம் தேர்தல் பேச்சு. எங்களுக்கும் அந்தக் கிறுக்கு பிடித்திருந்தது. சாயாவுக்கு எப்போது எழுவது, காற்று வரும் வாசலோரம் யாருக்கு, எல்லாவற்றுக்கும் ஓட்டுதான். எங்களுக்குத் தலைவியாக இருந்த அக்கா மட்டும் கடைசியில்தான் தூக்குவாள். "நான் முதல்ல தூக்கினா எல்லாவளும் என் மூஞ்சியப் பாத்துத் தூக்குவாளுக. அது ஓட்டில்ல கேட்டியா, பயம்" என்பாள். அந்தப் பேச்சுக்காகவே அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடினேன்.

ஒரு மழைக்காலத்தில் சரக்கு குறைந்தது. ஏழு பேர் மதி, போதும், ஒருத்தியை நிறுத்து என்றார் முதலாளி. யாரையும் நிறுத்த வேண்டாம், முறைவைத்து ஆளுக்கொரு நாள் வீட்டிலிருப்போம் என்று எட்டுக் கையும் தூக்கினோம். முதல் முறை எனக்கு. என் வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான். வேலை நிலைத்ததே என்று நிம்மதியாக வீட்டிலிருந்தேன்.

மறுநாள் போனால், ஏழு பேரும் சாக்கை அகல விரித்து, நான் உட்காரும் இடமே தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. முறைவைப்பதை முதலாளி ஒத்துக்கொள்ளவில்லையாம். ஓட்டுப் போட்டு என்னை நிறுத்திவிட்டார்களாம்.

"நீ இல்லாதப்ப வேற என்ன செய்யச் சொல்லுற? ஏழு கையும் தூக்கியாச்சு" என்றாள் அக்கா.

ஓட்டாம் ஓட்டு! "ஆரு முதல்ல தூக்கினது?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றாள், முறத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

முதலாளி துரத்தியிருந்தால் அவரைத் திட்டித் தீர்த்திருப்பேன். என்னோடு ஒரே பாத்திரத்தில் கப்பைக் கிழங்கு தின்றவர்கள் முறைப்படி கை தூக்கித் துரத்தினால் யாரைத் திட்டுவது? இன்றைக்கும், எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று யாராவது சொன்னால், அப்போது அங்கே யார் இல்லை என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

இரண்டு மாதம் கழித்துச் சரக்கு வந்தது. அக்கா வீடு தேடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நாளைக்கு வந்துரு பிள்ளே. உன்னைச் சேக்கணும்னு எல்லாரும் கை தூக்கியாச்சு."

அதற்கும் என்னை யாரும் கேட்கவில்லை.

போனேன். அடுப்பு எரிய வேண்டுமே. பிறகு எட்டு வருடம் அங்கேயே வேலை பார்த்தேன். ஒவ்வொரு ஓட்டிலும், "உன் அபிப்பிராயம் என்னடி?" என்று அக்கா என் பக்கம் திரும்புவாள். நான் சுக்கு பொறுக்கிக்கொண்டிருப்பேன்.