மூச்சு வாங்காத குரல்

இடது கை இரும்பு ஸ்கேலைக் கடைசி வரியின் அடியில் வைத்து அழுத்தியது. வலது கையிலிருந்த சிவப்புப் பேனா கடைசிச் சொல்லில் தொடங்கி, ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் பின்னோக்கி நகர்ந்தது. நேராகப் படித்தால் பொருள் இழுத்துக்கொண்டு போகும், பிழை தப்பிவிடும்.

குருவம்மாள் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிழை திருத்துகிறார். எட்டாம் வகுப்போடு நின்றவர். அங்கே அச்சாகும் பட்டாசுப் பெட்டிகளின் எச்சரிக்கை வாசகங்களையும் அவரே எழுதுவார். எதைச் செய்யக் கூடாது என்பதுதான் முதல் வரி. மற்றதெல்லாம் அதன் கீழே.

இந்தத் தாள் பட்டாசுக்கானது அல்ல. ஆமத்தூர் பிரபாகரன் விருதுநகரில் தொடங்கியிருக்கும் இசை மென்பொருள் கம்பெனிக்கானது.

"மிஷன் ஒரு பத்தி, விஷன் ஒரு பத்திக்கா. என்ன செய்யுறோம், எங்கன போய்ச் சேரப் போறோம், அம்புட்டுதான். திங்கக்கிழமை பணம் போடுறவுக வாராக" என்று போன வாரம் சொன்னவன், ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டான்.

கேட்டது வள்ளித்தாயின் குரல். குருவம்மாளின் தங்கை, ஆறு ஆண்டுகளுக்கு முன் பட்டாசு ஆலை விபத்தில் இறந்தவள். ஆலை வேனில் அவள் பாடியதை, கல்லூரி நாள்களில் அதே வேனில் ஏறிப் போய்வந்த பிரபாகரன் போனில் பதிந்திருந்தான். இப்போது அந்தக் குரல் அவள் கேட்டே இராத புதுப் பாட்டொன்றைப் பாடியது. வள்ளித்தாய்க்கு இளைப்பு, பாதி வரியில் நின்றுவிடுவாள். இது எங்கேயும் நிற்கவில்லை.

"மூச்சே வாங்கலையே தம்பி."

"மெஷினுக்கு எதுக்குக்கா மூச்சு? எந்தக் குரலையும் எந்தப் பாட்டையும் பாட வைப்போம். அதையே முதல் வரியாப் போடுங்க."

அன்றிலிருந்து அச்சு எந்திரம் ஓடினாலும், வீட்டில் மிக்சி ஓடினாலும் அந்தப் பாட்டுதான் கேட்டது. தங்கையின் சொந்தப் பாட்டை நினைக்கப் பார்த்தார். வாயில் வந்தது புதுசு. இப்படியே போனால் பழைய குரல் தனக்கு இல்லாமல் போய்விடும் என்று பயந்தார்.

சனிக்கிழமை, பேனா முதல் சொல்லைத் தொட்ட நேரத்தில் பிரபாகரன் வந்து நின்றான்.

"முடிச்சிட்டீகளாக்கா? பெட்டி லேபிள ஒரு மணி நேரத்துல முடிப்பீகளாம். எனக்கு மட்டும் ஒரு வாரமா?"

"லேபிள்ல தப்பு விட்டா விரலு போகும். இதுல தப்பு விட்டா என் தங்கச்சியே போயிருவா. படி."

மிஷன்: 'பாடியவரைக் கேட்காமல் அவர் குரலை எடுக்க மாட்டோம். இறந்தவர் குரலை அவர் பாடாத பாட்டுக்கு இழுக்க மாட்டோம். இதற்கு உட்பட்டு, கிராமத்துக் குரல்களுக்கு இசை மென்பொருள் செய்வோம்.'

விஷன்: 'எங்கள் மென்பொருளில் தம் குரலைக் கேட்பவர், இது நான்தான் என்று சொல்ல வேண்டும்.'

"என்னக்கா, வெடிப் பெட்டிக்கு எழுதுன மாதிரி இருக்கு" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "போட்டுக் காட்ட எங்கிட்ட அந்த ஒரு குரல்தானக்கா இருக்கு."

"வேன்ல பாடுனதைப் போட்டுக் காட்டு. இளைப்போட. அதுக்கு நான் சம்மதம் தாரேன்."

வாடிக்கையாளர் கையெழுத்துப் போடாத புரூஃப் எதையும் குருவம்மாள் வெளியே விட்டதில்லை. பேனாவை நீட்டினார். பிரபாகரன் அதை வாங்கினான்.

"புதுப் பாட்ட அழிச்சிட்டுக் கையெழுத்துப் போடவா, போட்டுட்டு அழிக்கவா?"

"அழிச்சிட்டு."

லேப்டாப்பைத் திறந்து அவர் கண்முன்னே அழித்தான். தன் தலைக்குள் அது இன்னும் ஓடுவதை அவர் அவனிடம் சொல்லவில்லை. கையெழுத்தின் மை காயும்வரை தாளைப் பிடித்திருந்துவிட்டு, அவன் கையில் கொடுத்தார்.