ஓடப் போகிறவள் என்ன உடுக்க வேண்டும்

“…மேல போட்ட மூண்டும் சரி, அதில பிழையில்லை. உள்ளுக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறியே ஒரு பருத்தி, அதைக் கழட்டிப்போட்டு வா. அதோட நான் உன்னை ஓட விடமாட்டன்” என்றாள் பெரித். சொன்னதோடு நிற்கவில்லை. கையுறையைக் கழற்றி, என் சட்டைக் கழுத்துக்குள் இரண்டு விரலை விட்டு, உள்ளே கிடந்த பெனியனின் ஓரத்தை வெளியே இழுத்துக் காட்டினாள், பையைச் சோதித்துக் களவுச் சாமானைப் பிடித்தவள் போல. நேரம் நடுப்பகல் பன்னிரண்டு. வானத்தில் சூரியன் இல்லை. நோர்வேயின் இந்த வடகரையில் நத்தார்ப் பண்டிகையை ஒட்டி இரண்டு மாதத்துக்குச் சூரியன் எழும்பாது. மத்தியானத்தில் தெற்கே கடலுக்கு மேல் ஒரு நீல வெளிச்சம் வரும். எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். பூச்சியத்துக்குக் கீழே பன்னிரண்டு பாகைக் குளிர். துறையடியில் வள்ளம் வைக்கிற சிவப்புக் கொட்டிலின் வாசலில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

பெரித் பேசினது நொஸ்க்கில், நோர்வேப் பாசையில்தான். ஆனால் பதினாறு வருடம் மீன் பக்டரியில் ஒரே மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று மீன் வெட்டியவர்கள் நாங்கள். அவளுடைய பேச்சு எனக்கு இப்போது என் ஊர்த் தலைமன்னார்ப் பேச்சாகவே காதில் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன், கோபிக்காதையுங்கோ.

அந்தப் பெனியன் என்னுடையது அல்ல. என் மனுசனுடையது. அவர் போய் மூன்று வருடமாகிறது. கொண்டுபோனது சீனி வருத்தம், நீரிழிவு. முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு ஆள். இந்த வருடம் பங்குனியில் அதே வருத்தம் எனக்கும் வந்தது. டொக்டர் பொம்பிளை கடதாசியைப் பார்த்துவிட்டு, அடுத்த வருடத்து உயிர்த்த ஞாயிறு வரைக்கும் தவணை தந்தாள். அதற்குள் ஓடியோ நடந்தோ சீனியை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசிதான் என்றாள். ஊசிக்கு எனக்குப் பயமில்லை. அவர் போன வழியில் முதல் படியில் கால் வைக்கத்தான் பயம். ஓடு என்று சொன்னது டொக்டர். எப்படி ஓடுவது என்று சொன்னவள் பெரித். எதை உடுத்துக்கொண்டு ஓடுவது என்பதுதான் பெரிய படிப்பாக இருக்கும் என்று இரண்டு பேருமே முதலில் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு சொல் உண்டு: பொம்பிளை ஓடினால் ஒண்டில் வீடு எரியுது, இல்லாட்டி வள்ளம் வெளிக்கிடுது. நான் இரண்டுக்கும் ஓடியிருக்கிறேன், ஒரே நாளில். ஷெல் விழுந்து வீடுகள் எரியத் தொடங்கிய அன்று, அக்கரைக்குப் போகிற வள்ளம் ஒன்று நிற்கிறது என்று ஆள் வந்து சொன்னது. பையைத் தூக்கினால் பிள்ளையைத் தூக்க ஏலாது. ஆகவே ஊர்ப் பொம்பிளைகள் எல்லோரும் செய்ததையே நானும் செய்தேன். இருந்த உடுப்பை எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்றாக உடம்பில் ஏற்றினேன். இரண்டு சட்டை, அதற்கு மேல் வீட்டுக்குப் போடுகிற சோட்டி, எல்லாவற்றுக்கும் மேல் கலியாணச் சேலை. இடுப்பில் மகன். கழுதைகளே நிழல் தேடிப் படுத்துக் கிடக்கிற வெயில். மணல் காலைப் பிடித்துப் பிடித்து இழுக்கிறது. வள்ளத்தடியில் நின்ற என் மனுசன் ஓட்டியைப் பார்த்து, “அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ, என்ர அலுமாரி ஓடி வருகுது!” என்று கத்தினார். அந்தச் சாவுப் பயத்திலும் வள்ளம் முழுக்கச் சிரித்தது.

கரை மறைந்த பிறகு எனக்குத் தலை சுற்றியது. வேர்வை போக வழியில்லாமல் உள்ளே வெந்துகொண்டிருந்தேன். அவர் தன் பெனியனைக் கழற்றிக் கடலில் தோய்த்து, பிழிந்து, என் தலையில் போட்டார். காற்று அதில் பட்டதும் கண்ணைத் திறந்தேன். “தண்ணி குளிரக் குடத்துக்கு ஈரச்சாக்குச் சுத்துறமெல்லே, அதுதான்” என்றார். இன்றைக்கு நான் போடுகிற பெனியன் அதுவல்ல. அது எந்த முகாமில் கிழிந்து போனதோ. ஆனாலும் அவருடைய பெனியன் என்றால் எனக்கு அந்த ஈரம்தான் நினைவுக்கு வரும்.

இப்படி ஓடின எனக்கு, ஓடுவதற்கென்று ஒரு உடுப்பை ஆறுதலாகத் தெரிந்து எடுக்கலாம் என்பதே பெரிய புதினமாக இருந்தது. ஓட்டச் சாமான் விற்கிற கடையில் நின்ற பெட்டை, “எவ்வளவு தூரம் ஓடப் போறீங்கள்?” என்று கேட்டாள். “உயிர்த்த ஞாயிறு வரைக்கும்” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். பெரித் பக்கத்தில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

முதல் நாள் ஊர் வழக்கப்படி அலுமாரியாகத்தான் போனேன். தடித்த கோட்டு, உள்ளே இரண்டு சுவெற்றர். பெரித் மெல்லிய ஜக்கெற்றோடு வாசலில் துள்ளிக்கொண்டு நின்றாள். “குளிருதோ?” என்று கேட்டாள். “இல்லை, நல்ல சுகமாயிருக்கு” என்றேன். “அப்ப திரும்பிப் போய் ரெண்டைக் கழட்டு. வெளிக்கிடேக்க குளிரவேணும். குளிராட்டிக் கூட உடுத்திட்டாய். பத்து நிமிசத்தில உன்ர உடம்பே அடுப்பாகும்.” நான் மலைத்துப் போனேன். பிள்ளையை வெளியே விட முதல் கழுத்துவரை மூடிக் கட்டுகிற ஊரில் பிறந்தவள் நான். குளிரட்டும் என்று தெரிந்தே வெளிக்கிடுவதற்கு ஒரு நம்பிக்கை வேண்டும், முன்னால் இருக்கிற வழி தன்னைச் சூடாக்கும் என்கிற நம்பிக்கை. அன்றைக்கு ஏழாவது நிமிடத்தில் என் முதுகுக்குள் சூடு பிறந்ததை நான் மறக்க மாட்டேன். ஐம்பத்து நான்கு வயதில், பனிக்குள், எனக்குள்ளேயே ஒரு அடுப்பு.

பிறகு ஒவ்வொன்றாகப் படித்தேன். தோலில் படுவது மெல்லிய கம்பளி. அது வேர்வையைக் குடித்தாலும் சூட்டை விடாது. நடுவில் ஒன்று, காற்றைத் தன் நூலுக்குள் பிடித்து வைத்திருக்க. வெளியே ஒன்று, கடற்காற்றை மறிக்க. வெயில் நாளில் நடுவில் உள்ளது வேண்டாம். மழைக்குத் தடித்த கோட்டை விடச் நெற்றிக்கு முன்னால் சொண்டு நீட்டின தொப்பிதான் பெரிது; கண் நனையாவிட்டால் மனமும் நனையாது என்பாள் பெரித். காற்று நாளில் இன்னொரு சட்டம்: போகும்போது காற்று முகத்தில் அடிக்க வேண்டும், திரும்பும்போது முதுகில். வேர்த்த பிறகு காற்றுக்கு முகம் கொடுத்தால் விறைத்துப் போவாய். இதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். “போகேக்க காத்தோட மல்லுக்கட்டு, வரேக்க அது உன்னைத் தோளில தூக்கும்” என்று சோளகக் காற்றடிக்கிற காலத்தில் வள்ளம் தள்ளும்போது என் மனுசன் சொல்வார். இரண்டு கடல், இரண்டு பாசை. காற்றுக்கு மட்டும் ஒரே புத்தி.

போன ஆடியில் ஊருக்குப் போனபோதும் ஓட்டத்தை விடவில்லை. விடிய ஆறு மணிக்கு, பழைய துறைமுகப் பக்கத்து றோட்டில் ஓடினேன். வேலியடியில் கூட்டிக்கொண்டு நின்ற பிலோமினா அக்கா தும்புத்தடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தா.

“என்ன பிள்ளை, ஆர் துரத்துறது?”

“ஒருத்தரும் துரத்தேல்லை அக்கா. சும்மா ஓடுறன்.”

“சும்மா ஓடுறதுக்கே பிளேன் ஏறி வந்தனி? அதுக்கு இஞ்ச எங்களிட்டைக் கழுதையள் இருக்கு.” பிறகு என் நோர்வே உடுப்பைத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தா. “இதுக்குள்ள அவிஞ்சு போவாய். பருத்தியா ஒண்டு போடு. நனைச்சுப் போடு.”

அக்கா சொன்னது சரி. அடுத்த நாள், கூடவே கொண்டுபோயிருந்த என் மனுசனுடைய பெனியனை நனைத்துப் போட்டுக்கொண்டு ஓடினேன். சோளகம் அதில் பட்டபோது அந்த வள்ளம், அந்தக் கை, எல்லாம் திரும்பி வந்தன. அன்றையிலிருந்து அந்தப் பெனியன் இல்லாமல் நான் ஓடவில்லை. இங்கே திரும்பி வந்த பிறகும்தான். தோலுக்கும் கம்பளிக்கும் நடுவில், பெரித்துக்குத் தெரியாமல், அதைப் போட்டேன். மாரி வந்தது, பனி விழுந்தது. அப்போதும் போட்டேன்.

போன கிழமை அலைதடுப்புச் சுவரின் நுனியில், சப்பாத்துக் கயிறு அவிழ்ந்ததென்று நின்றேன். ஐந்து நிமிடம் இருக்காது. முதுகில் யாரோ ஐஸ் பலகையை வைத்தது போல் இருந்தது. பிறகு நடுக்கம். கைவிரல்கள் ஜக்கெற்றின் சிப்பைத் தேடுகின்றன, கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு நித்திரை வருவது போல் இருந்தது. அதுதான் பயங்கரம், அது நல்ல சுகமான நித்திரை. பெரித் என் கன்னத்தில் அடித்து, தன் ஜக்கெற்றையும் என்மேல் போட்டு, இழுத்துக்கொண்டு வீடு சேர்த்தாள். “ஏன் உனக்கு மட்டும் இப்பிடி? எல்லாம் சரியாத்தானே போட்டனி” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

அங்கே பெனியனைக் கழற்றினபோது பிழிந்தால் தண்ணீர் வடிகிற ஈரம். அப்போதுதான் உறைத்தது. ஈரச்சாக்கு. வெயிலில் குடத்துத் தண்ணீரைக் குளிர வைத்த அதே வேலையைத்தான் அது என் உடம்பில் செய்திருக்கிறது. அன்றைக்கு வள்ளத்தில் என் உயிரைப் பிடித்து வைத்த அதே ஈரம். துணியில் பிழையில்லை. துணி அங்கே படித்ததை இங்கேயும் மாறாமல் செய்கிறது. அந்தக் குளியலறை நிலத்தில் நின்று நான் பிரமித்தேன்.

தெரிந்த பிறகும் இன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்தேன். ஆணியில் அதைத் தனியே விட்டுவிட்டு வர மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பெரித்தின் விரல்கள் இன்னும் என் கழுத்தில்தான் இருந்தன. “இது அவற்ற, என்ர மனுசன்ர” என்றேன். அவள் கையை எடுத்தாள். கொட்டில் கதவைத் திறந்து என்னை உள்ளே தள்ளி, வெளியே முதுகைக் காட்டி நின்றாள். வலையும் தாரும் மணக்கிற இருட்டில் எல்லாவற்றையும் கழற்றி, கம்பளியைத் தோலில் போட்டு, மற்ற இரண்டையும் மேலே போட்டேன். ஒரு நொடி உயிர் போகும் குளிர். பிறகு வெளியே வந்து, பெனியனைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

பெரித் அதை என் கையிலிருந்து வாங்கினாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் கறுப்பு ஜக்கெற்றுக்கு மேலே, தலையால் அதைப் போட்டு, கீழே இழுத்து விட்டாள். இந்த இருட்டு மாதங்களில் றோட்டில் ஓடுகிறவர்கள் வாகனக்காரர் கண்ணில் படுவதற்காக மினுங்கும் சட்டை ஒன்றை வெளியே போடுவார்கள். அதைப் போடுவது போலவே போட்டாள். தோளில் இறுகியது. வெள்ளை, அந்த நீல இருட்டில் வெள்ளையாகவே நின்றது. அவள் காற்று வருகிற பக்கம் பார்த்தாள். பிறகு அதற்கு முகத்தைக் கொடுத்து, எனக்கு முன்னால் ஓடத் தொடங்கினாள்.