கன்னியம்மாவின் புருஷனைச் சாகடித்த எழுத்தாளர்

1. மலை தெரியாத ரூம்

லாட்ஜில் மேனேஜராக உட்கார்ந்த முதல் நாளே ஒரு கவிஞரிடம் திட்டு வாங்கினேன். எழுபதுகளின் நடுவில் என்று ஞாபகம். திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் லாட்ஜ். அவருக்குக் கொடுத்த ரூமிலிருந்து மலை தெரியவில்லையாம். வாசலுக்கு வந்தால் முழுசாகத் தெரியுமே என்றேன். நின்றுகொண்டு பார்த்தால் கவிதை வராதாம், படுத்துக்கொண்டே பார்க்க வேண்டுமாம். மாடியில் சிங்கிள் ரூம் காலியானதும் மாற்றிக் கொடுத்தேன். நாள் முழுக்க டீ போய்க்கொண்டே இருந்தது. சாயங்காலம் இறங்கி வந்து, மலை இன்றைக்குத் தன்னோடு பேசவில்லை என்று வருத்தப்பட்டார். மலைக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் இந்த ஜாதி ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன். படம் வரைகிறவர்கள் பெட்ஷீட்டில் பிரஷ்ஷைத் துடைப்பார்கள். அதையாவது வெளுத்துக்கொள்ளலாம். கதை எழுதுகிறவர்கள்தான் மோசம்.

2. பத்திரிகையில் வந்த சாவு

கன்னியம்மா எங்கள் ரூம்களைப் பெருக்கித் துடைப்பவர். அடி அண்ணாமலையிலிருந்து வருவார். புருஷன் ஏழுமலை கொத்தனார். வீட்டில் கறவை மாடு உண்டு, சோற்றுக்குக் குறைவில்லை. ஒரு தடவை மெட்ராஸ் எழுத்தாளர் ஒருவர் வந்து தங்கினார். அன்றாட வாழ்க்கையில்தான் கலை இருக்கிறது என்று எனக்குப் பாடம் நடத்துவார். கன்னியம்மா பெருக்க வரும்போதெல்லாம் பேச்சுக் கொடுப்பார். நல்ல மனுஷன் என்று நம்பி அந்த அம்மாவும் பதில் சொல்லியிருக்கிறார்.

கொஞ்ச நாளில் வாரப் பத்திரிகையில் கதை வந்தது. தேரடி, லாட்ஜ், கன்னியம்மா என்ற பெயர், கையில் பச்சை குத்திய தேள் எல்லாம் அப்படியே இருந்தன. மாட்டைக் காணோம். அதற்குப் பதிலாகப் பட்டினி இருந்தது. புருஷன் செத்துப்போயிருந்தான். விதவைக் கன்னியம்மா மலையைப் பார்த்து அழுதுகொண்டே பெருக்குகிறாள். உள்ளபடி அவர் மலைப்பக்கம் பார்ப்பதெல்லாம், மழை வருமா, மாடியில் காயும் துணியை எடுக்கலாமா என்று தெரிந்துகொள்ளத்தான்.

அப்போது கன்னியம்மாவின் மகளுக்குக் கீழ்பென்னாத்தூரில் சம்பந்தம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு யாரோ கதையைப் படித்துக் காட்டிவிட்டார்கள். அவர் கல்யாணத்தை நிறுத்திவிட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. புருஷன் செத்துப்போனான் என்றால், நிச்சயதார்த்தத்தில் உட்கார்ந்து தாம்பூலம் மாற்றிய ஆள் யார்? ஏழுமலை நேரில் போய் நான்தான் புருஷன் என்றார். பத்திரிகையிலேயே போட்டிருக்கிறதே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதிரில் நிற்கிற ஆளைவிட அச்செழுத்துக்கு மரியாதை ஜாஸ்தி.

கன்னியம்மா என் மேஜை முன்னால் வந்து அழுதார்.

"எங்க வூட்டுக்காரு அவரை இன்னாங்க பண்ணாரு? எதுக்கு சாவடிச்சாரு?"

எழுத்தாளருக்கு ஒரு கார்டு போட்டேன். உங்கள் கதையைப் படித்தவர்கள் உங்களைப் பார்க்கத் துடிக்கிறார்கள் என்று மட்டும் எழுதினேன். கதையால் தகராறு என்று எழுதியிருந்தால் வந்திருக்க மாட்டார். இதற்கு உடனே பஸ் ஏறி வந்துவிட்டார்.

3. கீழ்பென்னாத்தூர் பஸ்

மாலை மரியாதையை எதிர்பார்த்து வந்தவர் முன்னால் கன்னியம்மா தன் புருஷனை நிறுத்தினார்.

"பாத்துக்கோங்க சார். நீங்க சாவடிச்ச ஆளு இவருதான்."

அது இந்தக் கன்னியம்மா இல்லை, உழைக்கும் பெண்குலம் முழுவதும் என்று அவர் விளக்க ஆரம்பித்தார். அதைச் சம்பந்தி வீட்டில் வந்து சொல்லுங்கள் என்று நாங்கள் மூன்று பேரும் அவரைப் பஸ்ஸில் ஏற்றினோம்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. எழுத்தாளர் மறுபடியும் பெண்குலத்தில் ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும்ங்க. இவரு செத்தாரா, இல்லையா?" என்றார்.

சாகவில்லை என்றார் எழுத்தாளர். அப்படியானால் எழுதியது என்ன என்று அடுத்த கேள்வி. கற்பனை என்றார். பெரியவர் முகத்தில் தெளிவு வரவில்லை. எழுத்தாளர் எங்களையும் பார்த்தார், கடலையையும் பார்த்தார்.

"பொய்ங்க," என்றார் கடைசியில்.

அதற்கப்புறம்தான் எங்களுக்கு மோர் வந்தது. தை மாதத்திலேயே கல்யாணம் என்று முடிவாயிற்று. கன்னியம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

திரும்பும்போது எழுத்தாளர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவமானப்பட்டிருப்பார், பாவம் என்று நினைத்தேன். பார்த்தால் முகம் மலர்ந்திருக்கிறது. பையிலிருந்து நோட்டை எடுத்தார், பேனாவைத் திறந்தார். மாப்பிள்ளையின் அப்பா பெயர் என்ன என்று என்னைக் கேட்டார்.

பின் சீட்டிலிருந்து கன்னியம்மா எட்டி அந்தப் பேனாவைப் பிடுங்கினார். மூடியையும் கேட்டு வாங்கி மூடினார், இடுப்பில் இருந்த சுருக்குப்பையில் போட்டுக் கயிற்றை இழுத்தார்.

"கல்யாணம் முடியட்டுங்க. அப்புறமா வந்து வாங்கிக்கினு போங்க."

அவர் வரவில்லை. லாட்ஜ் வேலைக்குப் புதிதாக வந்தவர்களிடமெல்லாம் நான் சொன்னது இதுதான்: கெஸ்ட் டவல் கேட்டால் கொடு, சோப்பு கேட்டால் கொடு. உன் ஊர், பேர் கேட்டால், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடு.