ராணியக்காவின் முதல் நோட்டு

ஒக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் வந்திறங்கினால் முதலில் வாடகைக்கு வீடு தேடும், பிறகு வேலை தேடும், அதற்கடுத்து யோகராணியைத் தேடும். எண்பத்தொன்றிலிருந்து எண்பத்தாறு வரைக்கும் இதுதான் நடைமுறை. வீட்டுக்கடன் கொடுக்கிற பில்டிங் சொசைட்டியில் மாதச் சேமிப்புக் கணக்கு ஒன்று திறக்கவேண்டும். திறக்கிற அன்று கவுண்டரில் வைக்கிற முதல் நோட்டு யோகராணியின் கையால் போகவேண்டும். அவளுக்குக் கைராசி என்று பேர்.

மாதச் சேமிப்பு என்பது விளையாட்டுக் காரியம் இல்லை. சொன்ன தொகையை மாதம் முடிவதற்குள் கட்டவேண்டும். இரண்டு வருடம் ஒரு மாதமும் தவறாமல் கட்டினால் வீட்டுக்கடன் கேட்டு உள்ளே போய் மேனேஜருக்கு முன்னால் உட்காரலாம். ஒரு மாதம் தவறினாலோ, கட்டியதெல்லாம் காசாக இருக்கும், ஆனால் இரண்டு வருடம் மறுபடி முதலாம் மாதத்திலிருந்து தொடங்கும். பெரிய வங்கிகளில் எங்கள் ஆட்களைக் கண்டால் ஆயிரத்தெட்டுக் கேள்வி கேட்பார்கள். பாலும் பாணும் விற்கிற டெய்ரிக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னக் கிளையில் அவ்வளவு கேள்வி இல்லை. அதனால் எல்லாரும் அங்கேதான் போனார்கள்.

கைராசிக் கதை சபாரத்தினத்தால் தொடங்கியது. அவர் கணக்குத் திறக்கப் போன அன்று வேலையில் வழுக்கி விழுந்து வலது கையில் மாக்கட்டு. மனைவி குணவதியின் கையில் கைக்குழந்தை. வழிகாட்டக் கூடப்போன யோகராணி, அவருடைய சட்டைப்பையிலிருந்து பத்து டொலர் நோட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். வேறொன்றும் செய்யவில்லை. மூன்று கிழமையில் சபாரத்தினத்துக்கு நிரந்தர வேலை கிடைத்தது. இரண்டு வருடத்தில் மாசி என்கிற புறநகரில் வீடு வாங்கினார். அந்த மனிதர் இரண்டு வேலைக்கு ஓடி ஓடி முழங்கால் தேய்ந்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. “எல்லாம் ராணியக்கான்ர கை” என்று குணவதி கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொன்னாள். சனமும் பிடித்துக்கொண்டது.

அந்தக் கையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். யோகராணிக்குப் புக்கெகோஹியில் மரக்கறி பொதிசெய்கிற கொட்டிலில் வேலை. விடிய ஐந்து மணிக்கு ஆட்களை ஏற்றிப்போக வான் வரும். நாள் முழுக்க ஐஸ் மாதிரித் தண்ணீரில் கரட் கழுவி, வெங்காயம் பிரித்து, விரல் மடிப்பெல்லாம் வெடித்துக் கிடக்கும். எந்தச் சவர்க்காரம் போட்டாலும் வெங்காய மணம் போகாது. அந்தக் கையால் கொடுத்தால்தான் லட்சுமி வருவாள் என்று ஊர் நினைத்தது.

ஒரு கணக்குத் திறக்க அவளுக்கு அரைநாள் சம்பளம் போகும். கூப்பிடுகிறவர்கள் ஒரு பிஸ்கட் டின்னோடு வருவார்கள். ராகுகாலத்தை யாழ்ப்பாண நேரத்துக்குப் பார்ப்பதா ஒக்லாந்து நேரத்துக்குப் பார்ப்பதா என்று கிளை வாசலில் நின்றே சண்டை பிடிப்பார்கள். யோகராணி சுவரில் சாய்ந்துகொண்டு நிற்பாள். கால் இரண்டும் கெஞ்சும். “எந்த நேரமெண்டாலும் கெதியா முடிவெடுங்கோ” என்று ஒருமுறை வாய்விட்டே சொன்னாள். அதையும் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

“பேசாமல் ஒரு பீஸ் வை, ராணி” என்று அவள் புருஷன் ஆனந்தராசா பகிடி பண்ணுவான். அவனுக்கு பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. அவர்களுக்கும் ஒரு கணக்கு இருந்தது. அவன் பெயரில் திறந்தது, மாதம் அறுபது டொலர். அதற்கும் முதல் நோட்டு யோகராணியின் கையால்தான் போனது. பத்தொன்பது மாதம் கட்டிவிட்டார்கள். இன்னும் ஐந்து மாதம் போனால் வீட்டுக்கடன் கேட்கலாம். ஈரம் ஊறி, சுவரில் பூஞ்சணம் பிடித்த வாடகை வீட்டிலிருந்து மகள் வசந்தமலரைக் கூட்டிக்கொண்டு வெளியேறலாம்.

எண்பத்தாறு மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, டிப்போவில் குனிந்து ஒரு சில்லைக் கழற்றப் போன ஆனந்தராசா நிமிரவில்லை. நெஞ்சுவலி. நாற்பத்தாறு வயது.

ஊர் வந்தது, அழுதது, சமைத்துப் போட்டது. குறை சொல்லக்கூடாது. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் யோகராணி மறுபடி ஐந்து மணி வானில் ஏறினாள். அதற்குப் பிறகு கணக்குத் திறக்க என்று ஒருவரும் அவளைத் தேடி வரவில்லை. ஆரம்பத்தில் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆறுதலுக்கு விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். ஜூலையில் ஒருநாள் வானில் பக்கத்தில் இருந்த ரதிதேவி வாய்தவறி, கதிர்காமநாதன் வீட்டார் போன கிழமை கணக்குத் திறந்ததைச் சொல்லிவிட்டாள்.

“ஆர் முதல் நோட்டுக் குடுத்தது?”

“குணவதியக்கா” என்று சொல்லிவிட்டு ரதிதேவி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் யோகராணிக்கு உறைத்தது. தாலி இல்லாத கை. ஐந்து வருடம் இழுத்த இழுப்புக்கெல்லாம் போன கையை, ஒரு வார்த்தை சொல்லாமல், சொல்லவேண்டிய தேவையும் இல்லாமல், ஒதுக்கிவைத்துவிட்டார்கள். கூப்பிட்டபோது சலித்துக்கொண்டவளுக்கு இப்போது கூப்பிடவில்லை என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

மற்றவர்களைச் சொல்லி என்ன? அவளே நம்பினாள் என்பதுதான் கொடுமை. சொசைட்டிக் கவுண்டரில் இருந்த மார்கரெட், ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழ்ப் பெண், அவளுக்காக மேனேஜரிடம் பேசி ஒரு வழி பண்ணியிருந்தாள். செத்தவர் பெயரில் இருந்த கணக்கை மூடி, யோகராணியின் பெயரில் புதிதாக ஒன்று திறந்தால், பத்தொன்பது மாதத்தையும் சேர்த்துக் கணக்கெடுப்பார்கள். ஆனால் ஓகஸ்ட் முடிவதற்குள் திறந்துவிடவேண்டும். தவறினால் இரண்டு வருடம் மறுபடி முதலிலிருந்து.

“சும்மா கையெழுத்துப் போட்டா போதும்க்கா” என்று மார்கரெட் போனில் சொன்னாள்.

யோகராணியால் முடியவில்லை. முதல் நோட்டை யார் கொடுப்பது? தன் கையால் கொடுத்த கணக்கு என்ன ஆனது என்பதை அவள் மறக்கவில்லை. இவ்வளவு பேருக்கு அள்ளிக் கொடுத்து, கடைசியில் தன் புருஷனுக்குக் கைராசி மாறிவிட்டதோ என்று பாத்திரம் கழுவும்போதும் பாயை விரிக்கும்போதும் யோசித்தாள். “அது காசு போடுற இடம், அம்மா, கோயில் இல்லை” என்று வசந்தமலர் இங்கிலிஷில் சொன்னாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது சுகமாகச் சொல்ல வந்தது.

கடைசியில் குணவதிக்குப் போன் பண்ணினாள்.

“குணவதி, வெள்ளிக்கிழமை ஒருக்கா என்னோட சொசைட்டிக்கு வருவியே? என்ர பேரில கணக்குத் திறக்கவேணும். நீ முதல் நோட்டைக் குடுத்தால் காணும்.”

“ஐயோ அக்கா, சின்னவனுக்கு ஒரே இருமல். வாற கிழமை பாப்பம்.”

வாற கிழமையும் கேட்டாள். கார் கராஜில் கிடக்கிறதாம். யோகராணி மூன்றாம் தரம் கேட்கவில்லை.

ஓகஸ்ட் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை. சனி ஞாயிறு பூட்டு, ஆகவே அதுதான் கடைசி நாள். யோகராணி அரைநாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, மழையில் தோய்ந்து வந்து சேர்ந்தாள். இவ்வளவு களைப்பிலும் ராகுகாலம் முடிந்து பன்னிரண்டு ஐந்துக்குத்தான் கதவைத் தள்ளினாள். பழக்கம் விடுமா?

உள்ளே கவுண்டருக்கு முன்னால் மூன்று பேர். ஊரிலிருந்து வந்து மூன்று மாதமேயான புதுப்பெண் கௌரி, அவள் புருஷன் மகேசன், நடுவில் பட்டுச்சேலையில் குணவதி. கராஜில் கிடந்த காரின் சாவி அவள் விரலில் தொங்கியது.

மூன்று பேரும் யோகராணியைக் கண்டார்கள். கண்டதும் மகேசன் சுவரில் இருந்த வட்டி விகித அட்டவணையைப் படிக்கத் தொடங்கினான். குணவதி நோட்டை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். கௌரி ஒன்றும் விளங்காமல் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“வாங்க யோகராணியக்கா!” மார்கரெட்டின் குரல் கிளை முழுக்கக் கேட்டது. “நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இங்க புதுக் கணக்கு ஒண்ணு இருக்கு. எப்பவும் நீங்கதானே முதல் நோட்டு கொடுப்பீங்க? கொடுங்க, பாஸ்புக் எழுதிடறேன்.”

தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று பிறகு பலநாள் ஊர் விவாதித்தது. மார்கரெட் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகிறவள், ஆனால் தமிழச்சி. என்னைக் கேட்டால் தெரிந்துதான் கேட்டாள் என்பேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, குணவதியைப் பாராமல், யோகராணியையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

குணவதியின் முகம் சிவந்து கறுத்தது. யோகராணி ஒரு சொல் சொன்னால் போதும், ஊர் முன்னால் குணவதியின் மானம் போய்விடும். அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்ததும் உண்மை. ஆனால் அந்தப் புதுப்பெண்ணின் பயந்த முகத்தைப் பார்த்தாள். இந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் என் கையைத்தான் சொல்வார்கள் என்று நினைத்தாள்.

“அவையள் கூட்டிவந்த ஆள் குடுக்கட்டும், மார்கரெட். நான் என்ர அலுவலுக்கு வந்தனான்” என்று சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள்.

குணவதி நோட்டை வைத்தாள். பாஸ்புக் எழுதி முடித்ததும் மூன்று பேரும் நிமிராமல் வெளியே போனார்கள்.

யோகராணியின் முறை வந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். மார்கரெட் உள்ளங்கையை நீட்டினாள். யோகராணி பையிலிருந்து பத்து டொலர் நோட்டை எடுத்தாள், நீட்டினாள், ஆனால் விரல் விடவில்லை. மார்கரெட் ஒரு நுனியிலும் அவள் மறு நுனியிலுமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்படி நிற்கும்போது அவளுக்குச் சபாரத்தினத்தின் முழங்கால் நினைவுக்கு வந்தது. தான் நோட்டுக் கொடுத்த ஒவ்வொரு குடும்பமும் நினைவுக்கு வந்தது. மத்தியானச் சாப்பாட்டை மிச்சம் பிடித்தவர்கள், பிள்ளைக்குச் சப்பாத்து வாங்காமல் மாதக் காசைக் கட்டியவர்கள். வீடு வாங்கியது அவர்கள். இந்தக் கை ஒன்றும் செய்யவில்லை. ஒருநாளும் ஒன்றும் செய்ததில்லை. அப்படியென்றால் ஆனந்தராசாவுக்கும் இந்தக் கை ஒன்றும் செய்யவில்லை.

மூன்று மாதமாகச் சுமந்தது இறங்கினால் சந்தோஷம் வரும் என்று யார் சொன்னது? அவளுக்கு வந்தது களைப்புத்தான். விரலைத் தளர்த்தினாள். நோட்டுப் போனது.

“மாதம் எவ்வளவுக்கா?” என்றாள் மார்கரெட்.

“அவர் கட்டினதுதான். அறுபது.”

வெளியே மழை விடவில்லை. டெய்ரித் தாழ்வாரத்துக்குக் கீழே குணவதியின் கார் இயங்கிக்கொண்டிருந்தது. மகேசனும் கௌரியும் தங்கள் வழியில் போய்விட்டார்கள். குணவதி மட்டும் கண்ணாடியை இறக்கினாள்.

“அக்கா, ஏறுங்கோ. கொண்டுபோய் விடுறன்.”

கோபித்துக்கொண்டு மழையில் நடக்கிற அளவுக்கு யோகராணிக்குக் காலில் பலம் இல்லை. ஏறினாள். கார் இரண்டு தெரு தாண்டியது. சிக்னலில் சிவப்பு விழுந்தது.

“நீங்கள் இண்டைக்கு வாறியளெண்டு எனக்குத் தெரியாது, அக்கா. தெரிஞ்சிருந்தால் உங்களுக்கும் நானே முதல் நோட்டைக் குடுத்திருப்பன். என்னை ஒருக்காக் கூப்பிட்டிருக்கலாமே.”

“கூப்பிட்டனான், குணவதி” என்றாள் யோகராணி, கண்ணை மூடிக்கொண்டே. “ரெண்டு தரம் கூப்பிட்டனான்.”

குணவதி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து விம்மி விம்மி அழத் தொடங்கினாள். பின்னால் நின்ற லொறி ஒருமுறை ஹோர்ன் அடித்தது, பிறகு நீட்டி அடித்தது.

“பச்சை விழுந்திட்டுது” என்றாள் யோகராணி. “எடு காரை.”