அவருடைய லத்தீன் கொப்பி

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வலது கையும் விழுந்துவிட்டது. நாங்கள் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் விளங்கியது. பதில்தான் வரவில்லை. வாயைத் திறந்தால் ஒரு முனகல், பிறகு கண்ணீர்.

மாத்தளையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் சிங்களத்தில்தான் பேசுவார். உங்கள் கணவருக்கு மனப்பாடமாக ஏதாவது இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள் என்றார். பாட்டு, ஜெபம், விளையாட்டு, எதுவானாலும் சரி. ஜெபமாலை சொல்லிப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் அலுமாரிக்குள் இருந்த கொப்பி ஞாபகம் வந்தது.

கல்யாணத்துக்கு முன் அவர் மூன்று வருடம் குருமடத்தில் இருந்தவர். சாமியாராகாமல் திரும்பி வந்துவிட்டார். அங்கே லத்தீன் படிப்பித்த பாதர் ஸ்பெயின்காரர். பழமொழிகளின் எழுத்துகளைக் கலைத்துக் கொடுத்து, சேர்க்கச் சொல்வாராம். கொப்பியில் இடது பக்கம் லத்தீன், வலது பக்கம் ஸ்பானிஷ், கீழே பென்சிலில் தமிழ் அர்த்தம். கல்யாணமான புதிதில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும் சொல்லிக் குடுங்களேன்" என்று கேட்டேன்.

"இது ஒனக்கு எதுக்கு?" என்று வாங்கி உள்ளே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

பால்மாப் பெட்டி அட்டையை வெட்டி ஆங்கில எழுத்துகளை எழுதினேன். முதல் நாள், சின்னதாக இருக்கிறதே என்று ஒரு லத்தீன் பழமொழியை எடுத்தேன். மானுஸ் மானும் லாவாத். கலைத்து மேசையில் பரப்பினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இடது கையால் ஒவ்வொன்றாகத் தள்ளிச் சேர்த்தார். ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. அவர் தன் மடியில் கிடந்த வலது கையைக் குனிந்து பார்த்த பிறகுதான் அர்த்தத்தைப் படித்தேன். ஒரு கையை மறு கை கழுவும்.

அன்றிலிருந்து தினமும் விளையாடினோம். அவருக்குப் புதிர் வைப்பதற்காக நான் படிக்க வேண்டியிருந்தது. ஸ்பானிஷுக்குப் போனில் ஒரு சொல் விளையாட்டை இறக்கிக்கொண்டேன். லத்தீனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வாய்க்கு வந்தபடி வாசிப்பேன். அவர் புருவத்தைச் சுருக்குவார்.

"பிழையாங்க?"

தலையாட்டுவார்.

"அப்ப எப்படிங்க சொல்லணும்?"

உதடுகள் துடிக்கும். ஒன்றும் வராது. கேட்டிருக்கவே கூடாது என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்.

ஒரு பழமொழியை வேண்டுமென்றே தாண்டிவிட்டிருந்தேன். மூடிய வாயில் ஈ புகாது. அவரே அந்தப் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். "வேற பாப்போங்க" என்றேன். விரலை எடுக்கவில்லை. எழுத்துகளைச் சேர்த்து முடித்துவிட்டுத் தன் வாயைத் தொட்டுக் காட்டினார். சிரித்தாரா என்று தெரியவில்லை. அவருக்கு முகத்தில் ஒரு பக்கம்தான் அசையும்.

விளையாடத் தொடங்கி மூன்றாவது மாதம் செருப்புத் தைப்பவரைப் பற்றிய பழமொழி வந்தது. உன் வேலையை நீ பார் என்பதுபோல அர்த்தம். சபத்தேரோ, ஆ தூஸ் சபாத்தோஸ். "அட, நம்ம காலுல போடுற சப்பாத்துங்க!" என்று நான் கத்திவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, தெளிவாக, "சப்பாத்து" என்றார்.

பக்கவாதம் வந்து எட்டு மாதத்தில் முதல் சொல். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு வந்து இன்னொரு தடவை சொல்ல வைத்தேன். அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாமே சப்பாத்துதான். தண்ணீருக்கும் சப்பாத்து, தலைவலிக்கும் சப்பாத்து. என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான். தான் சரியாகச் சொல்வதாகவே நினைத்தார். நான் மாற்றிக் கொடுத்தால் கோபம் வந்து கோப்பையைத் தட்டிவிடுவார். கிளினிக்கில் மிஸ்ஸிடம் சொன்னேன். சிலருக்கு ஒரே சொல்லில் சிக்கிக்கொள்ளும் என்றார். "எப்ப விடும் மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டேன். விடாமலும் போகலாம் என்றார்.

மழைக்காலத்தில் இன்னொரு தடவை பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள்தான் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் சேர்த்த அந்தப் பழமொழியையே பரப்பினேன். ஒரு அட்டையை எடுத்துத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாயில் வைத்தார். நான் எல்லாவற்றையும் அள்ளி டப்பாவில் போட்டு மூடினேன்.

இப்போது எனக்கு அறுபது பழமொழிகளுக்கு மேல் பாடம். ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து மூட்டம் இறங்கும் பின்னேரங்களில் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே சொல்லிப் பார்ப்பேன். பிழையாகச் சொன்னாலும் இப்போது புருவம் சுருங்குவதில்லை.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில், அவரே கலைத்து எழுதிய எழுத்துகள் ஒரு வரி இருக்கின்றன. விடை இல்லை, தமிழ் அர்த்தமும் இல்லை. லத்தீனா ஸ்பானிஷா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பல நாளாகச் சேர்த்துப் பார்க்கிறேன். ஒரு சொல் வருவதுபோல இருக்கும். மிச்ச எழுத்துகள் எதிலும் சேராது. மறுபடியும் கலைத்துவிடுவேன்.