டியூப் வாசம் அடித்த ஒயின்

மருமகன் ஒயின் கோப்பையை நாலு சுற்று சுற்றி முகர்ந்தார். "மரப் பீப்பாய்ல ஊறுனதுங்க மாமா. அந்த மர வாசத்துக்குத்தான் இந்த வெலையே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அப்பா நாமக்கல்லில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே திராட்சை ஒயின் போடுவார். ஜாடி வாயைத் துணியால் கட்டச் சொன்னால் கேட்கமாட்டார். "காத்து பூந்தா காடியாயிரும் புள்ள" என்று அம்மாவை அடக்கிவிட்டு, பழைய லாரி டியூபை வெட்டி இழுத்துக் கட்டுவார். ஒயின் நொதித்து அது பந்துபோல உப்பியதும், டயரில் காற்றுப் பார்ப்பது மாதிரி தினமும் தட்டிப் பார்ப்பார். ஒயின் புளிக்காதுதான். ஆனால் ஒரு வாய் குடித்தால் பஞ்சர் கடையே நாக்கில் ஏறிவிடும்.

"இதை எந்த மனுசன் குடிப்பான்?" என்று அம்மா கத்துவாள். ஒரு வருஷம் விருந்தாளிகள் சிரித்ததில் எனக்கு மானம் போயிற்று. முழு ஜாடியையும் நானே சாக்கடையில் கவிழ்த்தேன். அப்பா ஜாடியைக் கழுவி வைத்தார். அதற்குப் பிறகு அவர் ஒயினே போடவில்லை.

"எப்படிங்க மாமா இருக்குது?" என்றார் மருமகன்.

"ஏனுங்க மாப்ள, வாசத்துக்குத்தான் வெலைன்னு நாப்பது வருசத்துக்கு முன்னாடியே வந்து சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" என்று எரிந்து விழுந்தேன்.